காணாமல் போன தட்டுக்கு மூன்று நிமிடம்

இது சாப்பாட்டுத் தட்டு இல்லை அக்கா. பஸ் கிளம்பியதிலிருந்து நாலு தடவை என் மடியைப் பார்த்துவிட்டீர்கள், வாய் திறந்து கேட்கத்தான் இல்லை. கேட்கலாம், தப்பில்லை. நாய்க்குச் சோறு வைக்கிற தட்டும் இல்லை. கண்டக்டர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, "வீட்டுல என்ன நாய்ம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின் சீட்டுக்குப் போய்விட்டார். நான் பதில் சொல்ல வருவதற்குள் போய்விடுகிற ஆட்களால்தான் என் வாழ்க்கையில் பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி, நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டவளால். அவளைப் பார்க்கத்தான் திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பார்க்க என்றால், பார்க்க இல்லை. இந்தத் தட்டை ஒப்படைக்க.

நீங்களும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுதானே? அப்படியானால் நேரம் இருக்கிறது. இப்போதுதான் மாயனூர் தாண்டியிருக்கிறோம்.

டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு அக்கா. கோல்ஃப் தெரியுமில்லையா, பணக்காரர்கள் குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுவது. இதில் குச்சி இல்லை, பந்து இல்லை, குழி இல்லை, பணக்காரர்களும் இல்லை. தட்டை எறிய வேண்டும். நெஞ்சு உயரத்துக்கு ஒரு கம்பம் நிற்கும், அதில் ஒரு இரும்புக் கூடை, கூடைக்கு மேலே சுற்றிலும் சங்கிலி தொங்கும். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். விழாவிட்டால், தட்டு கிடக்கிற இடத்திலிருந்து மறுபடி எறிந்து, மறுபடி எறிந்து, எத்தனை வீச்சில் கூடைக்குள் போட்டீர்கள் என்பதுதான் கணக்கு. ஒன்பது கூடையையும் குறைவான வீச்சில் முடித்தவருக்கு வெற்றி.

எங்கள் ஊர்ப் பனங்குட்டைப் பூங்காவில் அந்த ஒன்பதும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் அனுமதி வாங்கி நட்டுவிட்டு, திரும்பவும் வெளிநாட்டுக்கே போய்விட்டார். எதற்கு நட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நடக்க வருபவர்கள் முதல் மாதம் அதைப் புதுவிதக் குப்பைத்தொட்டி என்று நினைத்து வாழைப்பழத் தோலைப் போட்டார்கள். இரண்டாம் மாதம் பை மாட்டினார்கள். ஐந்தாம் கூடையின் சங்கிலியில் ஒருவர் ஈரத் துண்டைக் காயப்போடுவார். இன்றைக்கும் போடுகிறார். நான் மூன்று மனு கொடுத்திருக்கிறேன்.

அது விளையாட்டுச் சாமான் என்று கண்டுபிடித்தது பெர்னாதான். பெர்னதெத். நானும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பெஞ்சு. பிறகு நான் சட்டம் எடுத்தேன், அவள் தாவரவியல் எடுத்தாள். போனில் என்னமோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "அடியே வானு, நம்ம குப்பைத்தொட்டிக்கு அமெரிக்காவுல சாம்பியன்ஷிப் நடக்குதுடி" என்றாள். என் பெயர் வான்மதி. அவள் மட்டும் வானு என்பாள்.

இரண்டு பேராக ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பேர் என்று ஆகிவிட்டது. டயர் கடை மருதாசலம் அங்கிள்கூட வந்து சேர்ந்தார். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு நடக்க வந்தவர், ஒருநாள் எங்கள் தட்டு காலடியில் வந்து விழ, எடுத்துத் திருப்பி எறிந்தார். அது நேராகப் போய்க் கூடையில் விழுந்தது. அன்றிலிருந்து மனிதர் நடப்பதை விட்டுவிட்டார்.

எனக்கு இந்த விளையாட்டில் பிடித்தது எறிவது இல்லை அக்கா. சொன்னால் சிரிப்பீர்கள். விதிகள்தான் பிடித்தது. இதில் நடுவர் கிடையாது! ஆடுகிறவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தப்பாகக் கால் வைத்தால், கூட ஆடுகிறவர் மூன்று விநாடிக்குள் "காலடி" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. இன்னொருவர் "ஆமாம்" என்று ஆமோதிக்க வேண்டும். ஆமோதித்தால் தப்பு செய்தவருக்கு ஒரு வீச்சு கூடும். ஆமோதிக்க ஆள் இல்லையென்றால் நீங்கள் கண்ணால் பார்த்தது நடக்கவே இல்லை என்று அர்த்தம். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். மனுஷர்களை நம்பி எழுதப்பட்ட சட்டம்.

அந்த விதிகள் மொத்தத்தையும் நான்தான் தமிழில் எழுதினேன். இருபத்திரண்டு பக்கம். பையில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன். காலடி, ஆமோதிப்பு எல்லாம் நான் வைத்த சொற்கள். மருதாசலம் அங்கிள் படித்துப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மணி, தட்டு எறியறதுக்கு இத்தனை சரத்தா? எங்க அப்பன் நிலத்தை எழுதிக்குடுத்த பத்திரமே ரெண்டு பக்கந்தான்" என்றார். அன்றிலிருந்து என்னை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் இன்னும் வக்கீல் ஆகவில்லை, இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, பட்டம் வாங்குமுன் அப்படி அழைப்பது தவறு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

போன ஆடி மாதம். கடைசி ஞாயிறு. பூங்காவின் முதல் போட்டி. பாத்திரக்கடைக்காரர் ஒருவர் முதல் பரிசுக்கு ஐந்தடுக்கு டிபன் கேரியர் தந்திருந்தார். வார்டு கவுன்சிலர் வந்து கொடுப்பதாக ஏற்பாடு. எனக்கு டிபன் கேரியர் வேண்டாம் அக்கா, வாரநாளெல்லாம் கல்லூரி விடுதியில்தான் சாப்பாடு. ஆனால் ஜெயிப்பது வேறு.

எல்லோரையும் மூன்று மூன்று பேராகப் பிரித்தோம். என் குழுவில் மருதாசலம் அங்கிள், பெர்னா, நான். ஆடிக் காற்று தெரியுமே உங்களுக்கு, நம் பக்கத்தில் தகரத்தையே தூக்கிக்கொண்டு போகும். தட்டு எம்மாத்திரம். நடக்க வந்தவர்கள் எல்லாம் முருங்கைக்கீரை சூப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஐந்து கூடை வரைக்கும் சரிசமம். ஆறாவது கூடையில் எனக்கு நாலே அடி தூரம். பக்கத்திலிருந்து போடும்போது, போட்டபின் முன்னால் சாயக் கூடாது, தடுமாறாமல் நிற்க வேண்டும். அது விதி. நான் போட்டேன், விழுந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளியதில் கால் லேசாக ஒரு அடி முன்னால் போனது. காற்றுக்கு நான் பொறுப்பில்லை. அந்த நேரம் மருதாசலம் அங்கிள் குனிந்து முட்டி உறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பெர்னா பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதுவும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவள் உரிமை. அது வேறு விஷயம். அதற்குள் நான் போகவில்லை.

ஏழு கூடை முடிந்தபோது அவர்கள் இருவரும் சமம், நான் ஒரு வீச்சு பின்னால்.

எட்டாவது கூடைதான் குட்டைக்கரை ஓரம். ஒரு பக்கம் சரளைக்கற்கள், மறுபக்கம் ஆள் உயரத்துக்குக் கோரைப் புல். பெர்னா எறிந்தாள். நல்ல வீச்சு. இந்தத் தட்டுதான், இந்தத் தக்காளிச் சிவப்பு. நேராகவே போய், கடைசியில் காற்று பிடித்துக் கோரைக்குள் சாய்த்துவிட்டது. எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியவில்லை.

தட்டு காணாமல் போனால் தேட மூன்று நிமிடம். அதற்குள் கிடைத்தால் கிடந்த இடத்திலிருந்து ஆடலாம். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு தண்டம், அதோடு முன்னால் எறிந்த இடத்துக்கே போய் வேறு தட்டால் மறுபடி எறிய வேண்டும். ஆக இரண்டு வீச்சு போய்விடும். கடுமைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே கடுமை.

நான் நேரம் பார்த்தேன். யாராவது பார்க்க வேண்டுமில்லையா? கோரை ஓரத்தில் ஒரு பெரிய கல், அதன்மேல் ஏறி, செல்போனில் வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். பெர்னா கோரைக்குள் இறங்கிவிட்டாள். மருதாசலம் அங்கிளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "பாம்பு கீம்பு இருக்கப் போவுது புள்ள, பாத்து" என்று சொல்லிக்கொண்டே விலக்கி விலக்கிப் பார்த்தார். "ஒரு நிமிடம்" என்றேன். அவள், "வானு, இறங்கி வாடி, நீயும் பாரு" என்றாள். "இரண்டு நிமிடம்" என்றேன். "ஐயோ வாயேன்டி, அது போச்சுன்னா வேற கிடைக்காது" என்றாள். கிடைக்காதுதான், வெளியூரிலிருந்து வரவழைத்தது. நானே அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. அதனாலேயே எனக்குக் கூடுதல் கவனம் தேவைப்பட்டது அக்கா. சிநேகிதி என்று ஐந்து விநாடி சலுகை காட்டினேன் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது. அவள் என்னைவிட ஒரு வீச்சு முன்னால் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு சூப் கடை அம்மா அப்படித்தான் முணுமுணுத்தார்.

"மூன்று நிமிடம். முடிந்தது."

அவள் கோரைக்குள் நிமிர்ந்து நின்றாள். தலையெல்லாம் கோரைப் பூ, சுடிதார் முழுக்க முள். என் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க வக்கீலம்மா" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கடலை வேண்டுமா அக்கா? குளித்தலை வந்துவிட்டது, ஜன்னலில் விற்பார்கள். வேண்டாமா? தூக்கம் வருகிறதா? இல்லை, கண்ணைத்தான் மூடியிருக்கிறீர்கள், சரி. காது திறந்திருந்தால் போதும். இப்போதுதான் முக்கியமான இடம்.

ஒன்பதாவது கூடை. எறிவதற்கு ஒரு சிமென்ட் திட்டு இருக்கிறது, தட்டு கையை விட்டுப் போகும்போது கால் அந்தத் திட்டுக்குள் இருக்க வேண்டும். மருதாசலம் அங்கிள் ஓடி வந்தார். எறிந்தார். அவர் இடது செருப்பு திட்டைத் தாண்டி, மண்ணில் முழுசாக. முழுசாக அக்கா! கட்டைவிரல் இல்லை, குதிகால் இல்லை, மொத்தச் செருப்பும். நான் அடுத்த நொடியே "காலடி!" என்றேன்.

ஆமோதிக்க இருந்தது ஒரே ஆள். பெர்னா. நான் அவளைப் பார்த்தேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள், கண் அவர் காலில்தான் இருந்தது, சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

ஒரு விநாடி. அவள் குனிந்து சுடிதாரிலிருந்து ஒரு முள்ளை எடுத்தாள். இரண்டு விநாடி. இன்னொரு முள். மூன்று விநாடி.

"நான் பாக்கலை" என்றாள்.

மருதாசலம் அங்கிள் முப்பத்தொரு வீச்சு. நான் முப்பத்திரண்டு. பெர்னா முப்பத்து மூன்று. அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லியிருந்தால் அவருக்கும் முப்பத்திரண்டு, எனக்கும் அவருக்கும் மறு ஆட்டம் நடந்திருக்கும்.

நான் அங்கேயே வாதாடினேன். நாற்பது நிமிடம்தான். கவுன்சிலர் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு இரண்டு கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். ஆடி மாதத்தில் என்ன கல்யாணம் என்று அவரையும் கேட்டேன். மருதாசலம் அங்கிளோ, "அட, கால் போச்சோ என்னமோ, எனக்கே தெரியல அம்மணி. வேணும்னா நீயே எடுத்துட்டுப் போ. எங்க வூட்ல ஏற்கெனவே மூணு கேரியர் இருக்குது" என்றார். பாருங்கள், பிரச்சினையே புரியவில்லை. பாத்திரமா இங்கே பிரச்சினை? சட்டத்தைக் காப்பாற்ற ஒருத்தி போராடிக்கொண்டிருக்கிறேன், அவர் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கேரியரில்தான் இப்போது ஞாயிறுதோறும் எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவருகிறார். நான் சாப்பிடுவதில்லை. அதாவது, முதல் இரண்டு மாதம் சாப்பிடவில்லை.

பெர்னா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதை யாருமே பார்க்கவில்லை. அடுத்த வாரம் திருச்சிக்கும் போய்விட்டாள், எம்.எஸ்.சி. இடம் கிடைத்திருந்தது. அது முன்பே தெரியும். அந்தப் போட்டி நாங்கள் சேர்ந்து ஆடுகிற கடைசி ஆட்டம் என்பதும் தெரியும். அதனால்தான் நன்றாக ஆட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நான் அவளுக்கு எழுதினேன். வாட்ஸ்அப்பில், ஒழுங்காக எண் போட்டு, பதினோரு கேள்வி. ஒன்று, மருதாசலம் அவர்களின் இடது கால் திட்டுக்கு வெளியே இருந்ததை நீ பார்த்தாயா. இரண்டு, பார்க்கவில்லையெனில் அப்போது உன் கண் எங்கே இருந்தது. மூன்று, முள் எடுக்க அந்த நேரம்தானா கிடைத்தது. இப்படி. பதினோராவது கேள்வி மட்டும் கொஞ்சம் பொதுவானது. பத்து வருஷ சிநேகத்துக்கு இதுதான் மரியாதையா என்பது. அதை எடுத்துவிட்டிருக்கலாம், வாதத்தின் கட்டுக்கோப்பைக் கெடுக்கிறது.

இரண்டு நீலக் குறியும் விழுந்தது. மூன்று நாள் கழித்து ஒரே வரி அனுப்பினாள்.

"என் தட்டு கிடைச்சுதா?"

இதைப் பதில் என்று சொல்வீர்களா அக்கா? பதினோரு கேள்வி கேட்டிருக்கிறேன். கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. எந்த நீதிமன்றத்திலும் ஆகாது. நான் அதற்குப் பதில் எழுதவில்லை. முதலில் கேட்டது நான், முதலில் சொல்ல வேண்டியது அவள். அவளும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாள், தேவாலயத்துக்கு எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் நான் இரண்டு மணி நேரம் தற்செயலாக நின்றிருந்தேன். தூரத்திலிருந்து பார்த்தாள். அவள் அம்மா கையை ஆட்டினார்கள். அவ்வளவுதான்.

எட்டு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் விடாமல் போகிறேன். இப்போது நான் "காலடி" என்று சொன்னால் யாரும் ஆமோதிப்பதில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் செருப்பு வாரை சரிசெய்கிறார்கள். மக்கள் விதியை மதிப்பது குறைந்துவிட்டது, வேறென்ன சொல்ல.

போன செவ்வாய்க்கிழமை ஒரு போன். தெரியாத எண். "பெர்னாங்களா பேசறது?" என்று ஒரு அம்மா. நான், "இல்லை, நான் பெர்னா இல்லை" என்றேன். "அப்பறம் பெர்னா நம்பர் எப்படி உங்ககிட்ட இருக்குது?" என்றார். "இது பெர்னா நம்பர் இல்லை, என் நம்பர்" என்றேன். "பெர்னான்னு எழுதி இந்த நம்பருதானுங்களே போட்டிருக்குது?" இப்படியே பத்து நிமிடம் போனது. பூங்காவில் துப்புரவு வேலை பார்க்கிற சாவித்திரியம்மா அவர். பங்குனி வெயிலில் குட்டை வற்றிக் கோரை காய்ந்துவிட்டது, வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டும்போது கிடைத்திருக்கிறது.

இதோ, பின்பக்கம் பாருங்கள். தட்டுக்குப் பின்னால் பெயரும் போன் நம்பரும் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். யாருக்குக் கிடைத்தாலும் கூப்பிட்டுக் கொடுத்துவிட வேண்டும். மை அழியவே இல்லை. "பெர்னா". அதன்கீழே என் நம்பர். அவள் அப்பாவுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. "தட்டு எறியத்தான் காலேஜுக்கு அனுப்புனமா?" என்று போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். அதனால் என் நம்பரைப் போட்டாள். "எது தொலைஞ்சாலும் உன்கிட்டதானே வரப்போகுது" என்றாள். நான் அன்றைக்கே சொன்னேன், உடைமையாளர் ஒருவர், தொடர்பு எண் இன்னொருவர் என்றால் பின்னால் குழப்பம் வரும் என்று. வந்ததா இல்லையா?

நேரில் போய் வாங்கினேன். எங்கே கிடைத்தது என்று கேட்டேன், பதிவுக்காக. சாவித்திரியம்மா அரிவாளால் காட்டினார். "இந்தக் கல்லு இருக்குது பாருங்க, இதுக்குப் பின்னாடி செருகிக் கெடந்துச்சு. கல்லு மேல நின்னு குனிஞ்சிருந்தாவே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

அங்கே பெரிய கல் என்று ஒன்றுதான் இருக்கிறது.

எட்டு மாதத்தில் நீரோட்டம் எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். குட்டையில் நீரோட்டம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். அது ஆராய வேண்டிய விஷயம்.

ஆக, நான் ஏன் போகிறேன்? சமாதானத்துக்கு இல்லை. விதிப்படி, கிடைத்த தட்டை உரியவரிடம் சேர்க்க வேண்டும். கூரியரில் அனுப்பலாமே என்று வீட்டில் கேட்டார்கள். வளைந்துவிடும். அப்புறம் இன்னொன்று, அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள், தட்டு கிடைத்ததா என்று. அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. எட்டு மாதமாகக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்திருந்தது நான்தான் என்று ஆகிவிடக் கூடாது. பதினோரு கேள்வியையும் அச்சடித்து எடுத்து வந்திருக்கிறேன். தட்டைக் கொடுப்பேன், தாளைக் கொடுப்பேன், பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்குவேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மாற்றுத் துணி எடுத்து வந்திருப்பது சும்மா, வெயிலுக்கு.

என்ன கேட்டீர்கள்? பெட்டவாய்த்தலை தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தீர்கள், இப்போது திடீரென்று.

நான் தேடினேனா என்றா?

அதுதான் சொன்னேனே அக்கா, நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நேரம் பார்க்க வேண்டும், இருவர் தேட வேண்டும், அது இயல்பான வேலைப் பிரிவு. விதியிலேயே இருக்கிறது. இருங்கள், காட்டுகிறேன். என் மொழிபெயர்ப்பிலேயே காட்டுகிறேன். எதையும் நான் ஆதாரம் இல்லாமல் பேசுவதில்லை. பக்கம் பதினான்கு. இதோ. "காணாமல் போன தட்டு. தட்டைத் தேடத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம் அனுமதிக்கப்படும்." பார்த்தீர்களா? மூன்று நிமிடம். "குழுவில் ஆடுவோர் அனைவரும், கேட்டுக்கொள்ளப்பட்டால், அந்த மூன்று நிமிடம் முழுவதும் தேடுவதில்"

இருங்கள்.

"தேடுவதில் உதவ வேண்டும். அதன் பின்னரே தட்டு காணாமல் போனதாகக் கொள்ளப்படும்."

இது என் எழுத்துதான். 'உதவலாம்' என்று போடுவதா 'உதவ வேண்டும்' என்று போடுவதா என்று நானும் பெர்னாவும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. "உதவலாம்னு போடுடி, பாவம், சில பேருக்கு முட்டி வலி இருக்கும்" என்றாள். நான்தான் வேண்டும் என்று போட்டேன். அழுத்தமாக இருக்கட்டும் என்று.

கேட்டுக்கொள்ளப்பட்டால். அவள் கேட்டுக்கொண்டாளா? "இறங்கி வாடி, நீயும் பாரு" என்பது கேட்டுக்கொண்டதுதானா, இல்லை வெறும்... இல்லை. கேட்டுக்கொண்டதுதான். இரண்டு தடவை.

ஒரு நிமிடம் என்னிடம் பேசாதீர்கள் அக்கா. நீங்கள் பேசவில்லை, தெரியும். முக்கொம்பு போய்விட்டதா? அதற்குள்ளாகவா?

சரி. கணக்கென்றால் கணக்காகப் பார்த்துவிடுவோம். மருதாசலம் அங்கிள் முப்பத்தொன்று. அவர் காலடிக்கு ஒன்று, முப்பத்திரண்டு. அதில் நான் மாறப் போவதில்லை. பெர்னா முப்பத்து மூன்று. முழுக்குழுவும் தேடாத பட்சத்தில் தட்டு காணாமல் போனதாகவே கொள்ள முடியாது, எனவே அந்த இரண்டைக் கழித்தால் முப்பத்தொன்று. நான் முப்பத்திரண்டு. ஆறாவது கூடையில் அந்தக் காற்று... காற்று என்று விதியில் எங்கும் இல்லை. எனக்கு முப்பத்து மூன்று.

முதலிடம் பெர்னா. கடைசி நான்.

அந்தக் கேரியர் அவளுடையது. எட்டு மாதமாக அதில் அவர் சுண்டல் கொண்டுவருகிறார்.

இப்போது என்ன செய்வது? தப்பைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதை ஆமோதிக்க வேறொரு ஆள் வேண்டும். தப்பு செய்தவர் தன்மேல் தானே சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் சொல்லலாம் என்ற கட்சி. சொல்கிறேன். ஆனால் ஆமோதிக்க ஆள் இல்லையென்றால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிடக் கூடாது அக்கா. பெர்னாவையே ஆமோதிக்கச் சொல்ல முடியாது, அவள் பாதிக்கப்பட்டவள். நீங்கள் இருக்கிறீர்கள். சம்பவத்தைப் பார்க்கவில்லையே என்று சொல்லாதீர்கள். மாயனூரிலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள்?

கவனியுங்கள். மூன்று விநாடிதான் இருக்கிறது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். எட்டாவது கூடையில், பெர்னதெத் கேட்டும், வான்மதி தேடவில்லை.

அக்கா, நான் எண்ணவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் ஆமாம் என்றுவிட்டீர்கள். அவ்வளவு சந்தேகமே இல்லாமலா?

சரி. பதிவாகிவிட்டது.

குடமுருட்டிப் பாலம் வந்துவிட்டது, உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதற்காகத் திருச்சி வந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை பாருங்கள். மகள் வீட்டுக்கா? நல்லது. கொஞ்சம் இருங்கள், பெர்னாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன், சொல்லாமல் போய் நின்றால் நன்றாக இருக்காது. "கிடைச்சுது." இது போதும். அவள் எப்படியும் நாளைக்குத்தான் பார்ப்பாள், வகுப்பு இருக்கும்.

பார்த்துவிட்டாள்.

டைப் பண்ணுகிறாள்.

"எங்க?" என்று கேட்கிறாள்.

நீங்கள் இறங்குங்கள் அக்கா, ஸ்டாண்டு வந்துவிட்டது, எல்லோரும் இறங்குகிறார்கள். எனக்காக நிற்க வேண்டாம். இதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று நிமிடம் ஆகும்.